வேலையை விட்டால் ஸ்டாக் ஆப்ஷனுக்கு 90 நாள்தானா? எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

உம்லங்கா_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உம்லங்காவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தாய் நிறுவனம் அமெரிக்காவில், டெலவேரில் பதிவானது. இன்னும் பங்குச்சந்தைக்கு வரவில்லை. இங்கே இருப்பது அதன் கிளை, சம்பளம் ராண்டில்தான் வருகிறது. சேர்ந்தபோது 6,000 ஸ்டாக் ஆப்ஷன், அதாவது முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை, கொடுத்தார்கள். நான்கு வருட வெஸ்டிங், அதாவது அந்த உரிமை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும்: முதல் வருடம் முடிந்ததும் 1,500, பிறகு மாதாமாதம் 125. நான் விலக நினைக்கும் நாளில் 4,000 வெஸ்ட் ஆகியிருக்கும். ஸ்ட்ரைக் விலை, அதாவது ஒரு பங்குக்கு நான் கொடுக்க வேண்டியது, இரண்டரை டாலர். ஆப்ஷன் கணக்கைக் காட்டும் போர்ட்டலில் இப்போது ஒரு பங்கின் மதிப்பு 9 டாலர் என்று காட்டுகிறது.

கேப் டவுன் நிறுவனம் ஒன்றில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை 31 கடைசி நாளாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். ராஜினாமா இன்னும் கொடுக்கவில்லை. எச்.ஆரில் பொதுவாகக் கேட்பது போல ஒரு வார்த்தை கேட்டேன். "விலகினால் பங்கு வாங்க 90 நாள் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

எனக்குக் குழப்பம் இதில்தான். எங்கள் ஒப்பந்தப்படி ஒரு மாத நோட்டீஸ். ஆனால் போட்டி நிறுவனத்துக்குப் போகிறவர்களை ராஜினாமா கொடுத்த அன்றே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நோட்டீஸ் மாதச் சம்பளம் மட்டும் வரும். அப்படி அனுப்பினால் 90 நாள் அன்றிலிருந்து ஓடுமா, ஜூலை 31லிருந்து ஓடுமா? ஒரு மாத வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை, அந்த ஒரு மாதத்தில்தான் நான் பணம் புரட்ட வேண்டும்.

இன்னொன்று, விற்க முடியாத பங்கை வாங்கினாலும் சார்ஸ் (இங்குள்ள வரித் துறை) வரி கேட்குமா? நாங்கள் இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் வீடு வாங்க டெபாசிட் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். மனைவி பிறந்து வளர்ந்தது அங்கேதான், அவள் அப்பா அம்மாவும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் கை வைத்தால் வீடு தள்ளிப்போகும். வைக்காவிட்டால் இத்தனை நாள் உழைத்துச் சேர்த்த ஆப்ஷன் போய்விடும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிட்ராண்ட்_தமிழன்:

90 நாள் என்பது அமெரிக்கச் சட்டம். அதில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நிறுவனமாக இருந்தாலும் அதேதான். கடைசிச் சம்பள நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். நம்பிக்கை இருந்தால் எக்சர்சைஸ் செய்யுங்கள், அதாவது பணம் கட்டிப் பங்கை வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:

மிட்ராண்ட் தம்பி சொன்னதில் இரண்டு இடத்தில் மறுக்க வேண்டியிருக்கிறது. கேட்டவருக்கு இது பெரிய தொகை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பல வருடங்களாகப் பேரோல் பார்க்கிறவள். வெளிநாட்டு நிறுவனங்களின் கிளைகளுக்கும் பார்த்திருக்கிறேன்.

முதலில், 90 நாளில் ஆப்ஷன் செத்துவிட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அவர்களுடைய வருமான வரிச் சட்டத்தின் 422ஆவது பிரிவில் ஐஎஸ்ஓ என்று ஒரு வகை ஆப்ஷன் இருக்கிறது. வேலையை விட்ட மூன்று மாதத்துக்குள் அதை எக்சர்சைஸ் செய்தால்தான் அதற்கான வரிச் சலுகை நிற்கும். உடல் ஊனத்தால் விலகினால் ஒரு வருடம். அந்தக் கெடு தாண்டினால் போவது சலுகை மட்டும்தான். ஆப்ஷனையே ரத்து செய்வது நிறுவனம் எழுதி வைத்திருக்கும் பிளான், அதாவது அதன் பங்குத் திட்ட விதிகள். அந்த மூன்று மாதத்தைப் பார்த்து நிறுவனங்கள் எல்லோருக்கும் சேர்த்து 90 நாள் என்று எழுதிவிட்டன. நீங்கள் தென்னாப்பிரிக்காவில் வரி கட்டுகிறவர், அந்தச் சலுகையால் உங்களுக்கு ஒரு சென்ட்கூட லாபம் இல்லை. ஆனால் அதை ஒட்டி எழுதிய கெடு மட்டும் உங்கள் தலையில் விழுகிறது. இது நியாயம் இல்லை என்றுதான் நான் எப்போதும் சொல்வேன்.

நிறுவனம் நினைத்தால் இதை நீட்டிக்கலாம். 2015இல் பின்ட்ரெஸ்ட், இன்னும் பங்குச்சந்தைக்கு வராத காலத்தில், இரண்டு வருடமாவது வேலை பார்த்தவர்களுக்கு ஏழு வருடம் என்று நீட்டித்தது. வேறு சில நிறுவனங்களும் அப்படிச் செய்திருக்கின்றன. ஆப்ஷனின் மொத்த ஆயுள் வழக்கமாகப் பத்து வருடம், அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். போர்டு ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள். ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் மரியாதையும் இருக்கும், பலனும் இருக்கலாம்.

இப்போது தேதி. இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். உங்களிடம் மூன்று காகிதம் இருக்கும்: பிளான், உங்களுக்கு ஆப்ஷன் கொடுத்த கிராண்ட் ஒப்பந்தம், அப்புறம் நாடுவாரியான இணைப்பு. போர்ட்டலில் மூன்றாவதை யாரும் திறப்பதே இல்லை. கையெழுத்துப் போடும்போது கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போய்விடுகிறார்கள் நம் பிள்ளைகள். அந்த இணைப்பில் பல அமெரிக்க நிறுவனங்கள் ஒரு வரி எழுதுகின்றன. வேலை முடிந்த நாள் என்பது நீங்கள் உண்மையில் வேலை செய்வதை நிறுத்திய நாள், உள்ளூர்ச் சட்டம் தரும் நோட்டீஸ் காலம் அதில் சேராது என்று. நம் நாட்டில் 1997ஆம் ஆண்டு வேலை நிபந்தனைச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்குக் குறைந்தது நான்கு வாரம் நோட்டீஸ் உண்டு. அந்த நான்கு வாரத்துக்குச் சம்பளம் கட்டாயம் வரும். ஆப்ஷனின் கெடுவை நிறுத்தி வைக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆகவே உங்களை வீட்டுக்கு அனுப்பினால் அன்றே கடிகாரம் ஓட ஆரம்பித்திருக்கலாம். உங்கள் இணைப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.

காகிதத்தில் 90 நாள் என்று இருக்கிறதா, மூன்று மாதம் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஜூலை 31லிருந்து மூன்று மாதம் என்றால் அக்டோபர் 31. 90 நாள் என்றால் அக்டோபர் 29. இரண்டு நாள்தான், ஆனால் கெடு தாண்டிய பிறகு யாரிடமும் முறையிட முடியாது. கெடு நாளில் விண்ணப்பம் மட்டும் போனால் போதுமா, பணமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமா என்பதும் காகிதத்தில் இருக்கும். பெரும்பாலும் பணமும் சேர வேண்டும். இங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கி காரணம் கேட்டு, படிவம் நிரப்பி, ரிசர்வ் வங்கிக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் கூடுதல் காகிதம் கேட்பார்கள். கடைசி வாரத்தில் போய் வங்கியில் நிற்காதீர்கள்.

வெஸ்ட் ஆகாத 2,000 பற்றி நினைக்காதீர்கள், வேலை முடியும் நாளிலேயே அது போய்விடும். இன்னொன்று, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கினால் வெஸ்ட் ஆனதும் சேர்ந்து போகும் என்று பல பிளானில் இருக்கிறது. போகும்போது சுமுகமாகப் போங்கள்.

வரிக்கு வருகிறேன். நம் வருமான வரிச் சட்டத்தில் 8சி பிரிவு. ஆப்ஷனைப் பங்காக மாற்றும் நாளில் பங்கின் மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் சம்பளம் போலவே வருமானம். மூலதன ஆதாயம் இல்லை, முழு வருமான வரி. கணக்குக்கு வசதியாக ஒரு டாலர் 18 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். 4,000 பங்குக்கு நீங்கள் கட்டுவது 10,000 டாலர், அதாவது 1,80,000 ராண்ட். வித்தியாசம் பங்குக்கு ஆறரை டாலர், மொத்தம் 26,000 டாலர், அதாவது 4,68,000 ராண்ட். உங்கள் வரம்பு 41 சதவீதம் என்றால் வரி 1,91,880 ராண்ட். இந்தத் தொகையே உங்களை 45 சதவீதத்துக்குள் தள்ளினால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, கையிலிருந்து போவது 3,71,880 ராண்ட். கைக்கு வருவது போர்ட்டலில் ஒரு எண்.

இந்த வரியை நிறுவனம்தான் பிடிக்க வேண்டும். சார்ஸிடம் டைரெக்டிவ் (எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்ற உத்தரவு) வாங்கி, அதில் வரும் தொகையைப் பிடித்து, ஐஆர்பி5 என்ற வரிச் சான்றிதழில் 3718 என்ற கோடில் காட்டுவோம். நீங்கள் வேலையில் இருந்தால் சம்பளத்தில் பிடிக்கலாம். போன பிறகு பிடிக்கச் சம்பளம் இல்லை, அதனால் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். ஸ்ட்ரைக் விலைக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவித்துப்போகிறார்கள். டைரெக்டிவ் வரவும் நாள் பிடிக்கும், அதுவும் உங்கள் 90 நாளுக்குள்தான்.

எக்சர்சைஸ் செய்யாமல் விட்டுவிட்டால்? வரி ஒன்றும் இல்லை. ஆப்ஷனுக்கு நீங்கள் பணம் கொடுத்து வாங்கியிருக்க மாட்டீர்கள், அதனால் நஷ்டக் கணக்கும் இல்லை.

உம்லங்கா_வாசி:

அக்கா, ரொம்ப நன்றி. இரவு உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் படித்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே இணைப்பில் இருக்கிறது. நிறுவனத்துக்கு உண்மையில் வேலை செய்யும் கடைசி நாள் என்றும், நோட்டீஸ் காலமோ சம்பளத்தோடு வீட்டில் இருக்கும் காலமோ சேராது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கெடு 90 நாள் என்றுதான் இருக்கிறது, மூன்று மாதம் இல்லை. ஜூன் 30 அன்று ராஜினாமா கொடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பினால் செப்டம்பர் 28இல் முடிந்துவிடும். ஜூலை மாத 125உம் வராது. எச்.ஆர். சொன்னதை நம்பி அக்டோபர் என்று நினைத்திருந்தேன்.

பகுதியாக வாங்கலாம் என்று பிளானில் இருக்கிறது. அதில் ஒரு கேள்வி. பங்கை வாங்கிய பிறகும் போர்டு அனுமதி இல்லாமல் யாருக்கும் விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. விற்கவே முடியாத பொருளுக்கும் இப்போதே வரியா?

லெனேசியா_அண்ணன்:

தம்பி, வரிக் கேள்விக்கு அக்கா பதில் சொல்லட்டும். வாங்கலாமா என்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஆட்குறைப்பு வந்தது. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆவது பிரிவுப்படி ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் சம்பளம் எத்தனை வாரம் என்பதை மட்டும் பேசினார்கள். நாங்கள் சிலர் ஆப்ஷன் கெடுவையும் பேச்சில் சேர்த்தோம். நிறுவனத்துக்கு அது உடனே கைப்பணம் கேட்காத விஷயம், அதனால் ஒரு வருடம் நீட்டிக்கச் சம்மதித்து விலகல் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். உங்களுடையது ராஜினாமா, அந்த அளவு பலம் இருக்காது. ஆனால் ஒப்படைப்பு வேலைக்கு நீங்கள் அவர்களுக்குத் தேவைப்படுவீர்கள், அதை வைத்துக் கேட்கலாம். நீட்டிக்காவிட்டாலும் ஜூலை 31 வரை உள்ளேயே வேலை செய்ய விடுங்கள் என்று கேளுங்கள். அதுவே ஒரு மாதம்.

அதற்கு முன்னால் அதே நிறுவனத்தில் நடந்தது ஒன்று. சக ஊழியர் ஒருவருக்கு எச்.ஆர். சொன்ன தேதி ஒன்று, போர்ட்டலில் இருந்த தேதி வேறு. போர்ட்டல் தேதி முந்தியது. அவர் எச்.ஆர். மின்னஞ்சலைக் காட்டினார், அமெரிக்காவிலிருந்து பிளானே இறுதியானது என்று பதில் வந்தது. பல வருட உழைப்பு போயிற்று. அந்த மனிதரின் முகத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

9 டாலர் என்பது என்ன எண் என்று கேளுங்கள். அது 409ஏ மதிப்பீடா (அமெரிக்க வரி விதிப்படி சாதாரணப் பங்குக்குப் போடும் மதிப்பு), கடைசியாக முதலீடு போட்டவர் கொடுத்த விலையா? முதலீட்டாளர் வாங்குவது முன்னுரிமைப் பங்கு. உங்களுக்கு வருவது சாதாரணப் பங்கு. நிறுவனத்தை யாராவது குறைந்த விலைக்கு வாங்கினால் முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. நிறுவனம் எவ்வளவு முதலீடு வாங்கியிருக்கிறது, எத்தனை பங்கு வெளியே இருக்கிறது என்பது தெரியாமல் வீட்டு டெபாசிட்டைத் தொடாதீர்கள். கடன் வாங்கி எக்சர்சைஸ் செய்வது வேண்டவே வேண்டாம். பாண்ட் (வீட்டுக் கடன்) தவணை மாதாமாதம் வரும், பங்கு விற்கும் நாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மிட்ராண்ட்_தமிழன்:

அக்கா சொன்ன விளக்கத்துக்கு நன்றி. எங்களுடைய தாய் நிறுவனம் நாஸ்டாக்கில் இருக்கிறது. அங்கே புரோக்கரே பங்கை விற்று ஸ்ட்ரைக் விலையையும் வரியையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுகிறார். அதனால் இந்தப் பணத் தட்டுப்பாடு எங்களுக்கு வந்ததே இல்லை. பட்டியலிடாத நிறுவனம் என்றால் கதையே வேறு என்று இப்போது புரிகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஊழியர்கள் பங்கை விற்கக் கூடாத வர்த்தகத் தடைக் காலம் 90 நாளுக்குள் வந்துவிடலாம், விலகும் தேதியை முடிவு செய்வதற்கு முன் அதையும் பாருங்கள்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:

உம்லங்கா தம்பி, நல்ல கேள்வி கேட்டீர்கள். சந்தை மதிப்புக்குச் சுதந்திரமாக விற்க முடியாதபடி நிபந்தனை இருந்தால், அது சட்டம் விதித்த தடையாக இல்லாமல் ஒப்பந்தத்தில் வந்த தடையாக இருந்தால், 8சி பிரிவுப்படி அந்தத் தடை எல்லாம் நீங்கும் நாளில்தான் வரி விழும். போர்டு அனுமதி என்ற நிபந்தனை அந்த அளவு கனமானதா என்பது அதன் வாசகத்தைப் பொறுத்தது. நிறுவனத்துக்கு முதலில் வாங்கும் உரிமை மட்டும் இருந்து, சந்தை மதிப்பைக் கொடுத்தே அவர்கள் வாங்க வேண்டும் என்றால் அதைத் தடை என்று சொல்வது கடினம். இதை நான் இங்கே முடிவு செய்ய முடியாது. நிறுவனம் டைரெக்டிவ் கேட்பதற்கு முன் உங்கள் வரி ஆலோசகரிடம் அந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

தள்ளிப்போவது எப்போதும் லாபம் என்றும் எண்ண வேண்டாம். இப்போது வரி கட்டினால் 9 டாலர் உங்கள் அடக்க விலையாகிவிடும். அதற்கு மேல் ஏறுவது மூலதன ஆதாயம், அதில் 40 சதவீதம்தான் வருமானத்தில் சேரும், அதிகபட்சம் 18 சதவீத வரி. தள்ளிப்போட்டால் தடை நீங்கும் நாள் வரை ஏறிய முழுத் தொகைக்கும் 45 சதவீதம் வரை போகலாம். நிறுவனம் மூழ்கினால் தள்ளிப்போட்டவருக்கு வரிப் பணமாவது மிச்சம். இரண்டு பக்கமும் இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வீட்டு டெபாசிட்டைத் தொட மாட்டேன். பகுதியாக வாங்கலாம் என்பதால் 1,500 என்று வைத்துப் பாருங்கள். விலை 67,500 ராண்ட், 41 சதவீதத்தில் வரி 71,955 ராண்ட், மொத்தம் 1,39,455. இது முழுதும் போனாலும் குடும்பம் தாங்குமா என்று வீட்டில் பேசுங்கள். தாங்காது என்றால் 500. அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஜூலையில் விலகினாலும் ஜூனில் விலகினாலும் 90 நாளும் வரி ஆண்டு முடியும் பிப்ரவரி கடைசிக்குள் முடிந்துவிடுகிறது, அதனால் இரண்டு வரி ஆண்டாகப் பிரித்துக் கட்டலாம் என்ற வழியும் இல்லை.

ராஜினாமா கொடுப்பதற்கு முன் எச்.ஆருக்கு வேண்டாம், பங்குத் திட்டத்தை நிர்வகிக்கும் அமெரிக்க அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "என் கிராண்ட் ஒப்பந்தப்படி, ஒருவர் நோட்டீஸ் காலத்தில் வீட்டில் இருக்கும்படி சொல்லப்பட்டால் எக்சர்சைஸ் கெடு எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த நாட்டு நேரப்படி முடிகிறது? அந்த நேரத்துக்குள் பணமும் வரியும் வந்து சேர வேண்டுமா? டைரெக்டிவ் தாமதமானால் என்ன செய்வீர்கள்?" இவ்வளவும் கேளுங்கள். பதிலைத் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகக் கணக்கு ராஜினாமா அன்றே மூடப்படும். போர்ட்டலில் பதிவான மின்னஞ்சல் முகவரியையும் இன்றே சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

உம்லங்கா_வாசி:

அக்கா, அண்ணா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரியை மாற்றிவிட்டேன். மின்னஞ்சலை எழுதி வைத்திருக்கிறேன், காலையில் அனுப்புகிறேன். மேலாளரிடம் ஜூலை 31 வரை உள்ளே வேலை செய்வதைப் பற்றியும் பேசப் போகிறேன். மனைவியும் நானும் பேசினோம், டெபாசிட் அப்படியே இருக்கட்டும். என் போனஸில் மிச்சம் இருப்பதை வைத்து 1,000க்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அமெரிக்காவிலிருந்து பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.